வரைந்த தரை

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்கள். எது தரை, எது கடல் என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. இதற்கு ஒரு படிப்பு, ஒரு அலுவலகம், மாதம் பிறந்தால் சம்பளம் வேறா என்று சித்தப்பா முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். தம்பி இன்னும் ஒரு படி மேலே போவான். கால் நனைந்தால் கடல், நனையாவிட்டால் தரை, இதற்கு எதற்கு வானத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்பான்.

அவளுக்குக் கோபம் வராது. கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது அத்தனை லேசுதான். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் வம்பே ஆரம்பிக்கிறது. ரேடார் செயற்கைக்கோளுக்கு நிறம் தெரியாது. மேகத்தையும் இருட்டையும் அது ஒரு பொருட்டாக மதிக்காது. அலையொன்றைச் சாய்வாகக் கீழே அனுப்பிவிட்டு, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காத்திருக்கும். வீடு, மரம், கல், மேடுபள்ளமான மண் எல்லாம் வந்ததில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். படத்தில் அவை வெளுத்துத் தெரியும். அசையாத தண்ணீரில் பட்ட அலை வழுக்கிக்கொண்டு அப்பால் போய்விடும். அந்த இடம் கறுப்பாகக் கிடக்கும். வெளுப்பு தரை, கறுப்பு கடல். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றடித்தால் கடல் சிலிர்த்துக்கொண்டு தரையைப் போல வெளுத்துக் காட்டும். ஈர மணல்வெளி கடலைப் போலக் கறுத்துக் காட்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று கூறு போட்டுத் தரும். தந்ததில் பத்தில் ஒன்றாவது பொய்யாக இருக்கும். அந்தப் பொய்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் திருத்துவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பன்னிரண்டு வருடமாக அதைச் செய்து வருகிறாள். அலுவலகத்தில் அவளுக்குக் கரையக்கா என்றே பெயராகிவிட்டது. அவளைவிட ஏழு வயது மூத்த பிரிவுத் தலைவர்கூட, சுற்றிலும் வெளியாட்கள் இல்லாதபோது அப்படித்தான் கூப்பிடுவார்.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. உப்பளத்தில் மேற்பார்வையாளன். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக் கிளம்பிவிடுவான். அந்த உப்பளம் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். கடலோரமாக ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பாத்தி பாத்தியாகக் கிடக்கும். நடுவில் ஆள் நடக்க ஒரு பெரிய வரப்பு, அதன் கோடியில் மோட்டார் அறை. கம்ப்யூட்டருக்கும் அந்த உப்பளத்துக்கும் ஏழாம் பொருத்தம். பாத்திகளில் விரலளவு உப்புத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்குமா, ரேடாருக்கு அதுவும் கடலும் ஒன்றுதான். மாதா மாதம் கம்ப்யூட்டர் உப்பளத்தை முழுசாகக் கடலில் சேர்த்துவிடும். மாதா மாதம் அவள் உட்கார்ந்து அதை வெளியே இழுத்துப் போடுவாள்.

ஒரு தடவை அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது விளையாட்டாக அந்தப் படத்தைக் காட்டினாள். இதோ பார், நீ நிற்கிற இடம், கடலுக்குள் அரை கிலோமீட்டர் என்று சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு கூடப்பிறந்தவனை மாதா மாதம் மூழ்கடிக்கிற ஒரே அக்கா இந்த உலகத்தில் நீதான் என்றான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்கு எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. படத்தில்கூட அவனைத் தண்ணீருக்குள் வைக்காதே என்று சொல்லிவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முகம் இவளை என்னவோ செய்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக உப்பளத்துக்கு ஒட்டு போட்டாள்.

ஒட்டு என்பது அவர்கள் பிரிவின் பேச்சு. கம்ப்யூட்டர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு செய்தால், அந்த இடத்தைச் சுற்றிக் கையால் ஒரு எல்லை வரைந்து, இதற்குள்ளே படம் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, இது தரை என்று உத்தரவு கொடுத்துவிடலாம். துறைமுகத்துச் சிமெண்ட் தளங்களுக்கு ஒட்டு உண்டு. பெரிய பாலங்களுக்கு உண்டு. கடல் ஒருநாளும் ஏற முடியாத இடங்களுக்குத்தான் ஒட்டு போடலாம் என்பது விதி. உப்பளமோ கடல் மட்டத்தைவிட ஒரு முழம்கூட உயரமில்லாத இடம். அவளுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தேதான் உப்பளத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு புள்ளிகள் வைத்து எல்லையை மூடினாள். காரணம் என்ற கட்டத்தில் 'நிலையான தரை' என்று எழுதினாள். அதற்கப்புறம் உப்பளம் எந்த மாதமும் முழுகவில்லை. நாலு வருடத்தில் அவளுக்கே அது மறந்துபோயிற்று.

*

புயல், வானிலைக்காரர்கள் கைகாட்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசி ஆறு மணி நேரத்தில் தெற்கே திரும்பியது. அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். காற்றுதான் பலமாக அடிக்கிறது, தண்ணீர் ஒன்றும் ஏறவில்லை, விடிந்ததும் லாரி வரும், தன்னோடு இருக்கிற நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அம்மாவை பயமுறுத்தாதே என்றான். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் யாருடைய போனும் கிடைக்கவில்லை. லாரியும் போகவில்லை. போகிற சாலையில் பாதி இல்லை என்று காலையில் வானொலி சொன்னது.

அவள் ஆறரை மணிக்கே அலுவலகத்துக்குப் போய்விட்டாள். பாதிப் பேர் வரவில்லை. மின்சாரம் ஜெனரேட்டரில் ஓடியது. அது இருமுகிற போதெல்லாம் எல்லாரும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேலே விளக்கைப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் ஆறு மணிக்கே கரைக்கு மேலாகப் போயிருந்தது. படம் இறங்கி வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. படம் எடுத்த நேரத்தில் காற்று அடங்கியிருந்ததால் தண்ணீர் நின்ற இடமெல்லாம் சுத்தமான கறுப்பாக விழுந்திருந்தது. இத்தனை துல்லியமான படம் வருடத்துக்கு ஒன்று கிடைப்பதே அபூர்வம். பிரிவுத் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நம்ம நல்ல நேரம் என்றார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்ததை அவள் துண்டு துண்டாக எடுத்துத் திருத்தினாள். சந்தைத் தெரு தண்ணீர். பள்ளிக்கூடம் தரை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். ஆற்று வாய் இருந்த இடமே தெரியவில்லை. தன் தம்பி இருக்கிற பக்கம் முதலில் போய்ப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காக, வரிசை தப்பாமல், வேலை செய்துகொண்டு வந்தாள். அந்த இரண்டு மணி நேரம் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஒட்டு போட்ட இடங்கள் திருத்த வேண்டிய பட்டியலிலேயே வராது. அதனால் உப்பளம் அவள் கைக்கு வரவேயில்லை.

பதினொன்றே முக்காலுக்கு வரைபடம் முடிந்தது. தரைக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். அனுப்புவதற்கு முன் அவள் படத்தை மெல்லத் தெற்கே நகர்த்தினாள். உப்பளம் வந்தது.

பச்சை.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எந்த நாளும் மூலப் படத்தைத் திறந்து ஒரு பார்வை பார்க்காமல் எதையும் நம்பாதவள், அன்று திறக்கவில்லை. பச்சையைப் பார்த்ததும் போதும் என்றிருந்தது. பிரிவுத் தலைவர் தோளில் தட்டிக் கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வரைபடம் மீட்புப் படகுகளின் அதிகாரிக்குப் போனது. அவர் கையில் இருந்தது மொத்தம் ஆறே படகுகள். நீலமான இடங்களைப் பங்கு போட்டு ஆறையும் அனுப்பினார். பச்சையான இடங்கள், சாலை சரியானதும் வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பட்டியலுக்குப் போயின. அதில் உப்பளமும் ஒன்று.

அவள் வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"அம்மா, அவன் இருக்கற இடம் தரைதாம்மா. தண்ணி ஏறல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேம்மா."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. மகள் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான்.

*

இரண்டரை மணி வாக்கில் படகு அதிகாரியின் ஆள் ஒருவர் போன் செய்து, தெற்கே ஒரு பாலத்தின் பக்கத்தைப் பெரிதாக்கி அனுப்ப முடியுமா, படகு அடியில் நுழையுமா என்று பார்க்க வேண்டும் என்றார். பாலம் உப்பளத்துக்கு அடுத்தாற்போல இருந்தது. அவள் பெரிதாக்கினாள். பாலத்தோடு உப்பளத்தின் மேற்கு ஓரமும் திரைக்குள் வந்தது.

அவள் பார்வை அந்த ஓரத்தில் போய் நின்றது. பச்சையும் நீலமும் சந்திக்கிற கோடு நேராக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்ததைப் போல நேராகப் போய், ஒரு முனையில் மடங்கி, மறுபடி நேராகப் போனது. பன்னிரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான கரைக்கோடுகளைப் பார்த்தவள் அவள். தண்ணீர் எந்த இடத்திலும் அப்படி நேராக நிற்காது. புயலுக்கு மறுநாள் நிற்கவே நிற்காது. கை தானாக எண்ண ஆரம்பித்தது. ஒரு முனை, இரண்டு முனை. பத்துக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அது அவள் வைத்த புள்ளிகள்.

ஒட்டை நீக்கினாள். மூலப் படம் அடியிலிருந்து வெளியே வந்தது. ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரே கறுப்பு. பாத்தி இல்லை, மற்ற மாதங்களில் வெள்ளைக் கோடாகத் தெரிகிற வரப்புகூட இல்லை. மோட்டார் அறை இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஏழெட்டுப் புள்ளிகள்.

காலையில் கம்ப்யூட்டர் அதை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. கடல் என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. நாலு வருடத்துக்கு முந்தைய அவளுடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, தான் சொன்னதைத் தானே அழித்துவிட்டுப் பச்சையைப் பூசியிருக்கிறது.

அவள் எழுந்து பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு இருபது வருட உத்தியோக புத்தி. மணியைப் பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு செயற்கைக்கோள் போகிறது, அந்தப் படம் வந்ததும் புது நிலவரம் என்று திருத்திய வரைபடத்தை அனுப்பிவிடலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். இப்போதே நம் வரைபடம் தப்பு என்று சொன்னால், வெளியே போயிருக்கிற ஆறு படகுக்காரர்களும் அதில் எதை நம்புவது, எதை விடுவது என்று குழம்பிப்போவார்கள், அதில் எத்தனை உயிர் போகும் என்று யோசித்தாயா என்றும் கேட்டார். அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் படம் ஆறு மணிக்கு எடுத்தால் கைக்கு வர ஒன்பதாகும். அவளால் அங்கே நின்று நியாயம் பேச முடியவில்லை. சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் வராந்தாவுக்கு வந்து படகு அதிகாரியின் எண்ணைப் போட்டாள்.

தன்னை யார் என்று சொல்லி, உப்பளத்துக்கு ஒரு படகு வேண்டும் என்று கேட்டாள். அவர் குரல் கம்மிப்போயிருந்தது. அது பச்சையில் இருக்கிறதே என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஐந்து பேர், அதில் ஒருத்தன் என் தம்பி என்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, தம்பிக்காகக் கேக்கறீங்களா, இல்ல படத்துல இருக்கறதைச் சொல்றீங்களா? எங்கிட்ட ஆறு படகுதான் இருக்கு."

"ரெண்டும்தான் சார். ஆனா படம் காலையிலேயே தண்ணின்னு சொல்லிடுச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அந்தப் பச்சை நான் பாத்த தரை இல்ல. நான் வரைஞ்ச தரை."

"மத்த இடமெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரியா இருக்கு சார். அத நம்பி எங்க வேணா போகலாம். இந்த ஒரு எடம்தான்."

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பாலத்துப் பக்கம் கிளம்பியிருந்த படகை உப்பளத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தார். அப்போது மணி மூன்று பத்து.

*

படகு ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மோட்டார் அறையின் கூரைமேல் நாலு பேர் இருந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். நாலு பேருக்கும் உயிர் இருந்தது. தம்பி இல்லை.

அவனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

நடுவில் ஒரு நாள், காப்பாற்றப்பட்டவர்களைப் படுக்க வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அவள் போனாள். ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்போது அவன் இன்னும் கிடைக்கவில்லை. எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று சொல்லிக்கொண்டிருக்க இடமிருந்தது. அந்தப் பெண் உப்பு வாருகிறவள், நாற்பது வயதுக்காரி. உள்ளங்காலெல்லாம் வெளிறி வெடித்துக் கிடந்தது. இவள் யார் என்று தெரிந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள்தான் படகு அனுப்பினீர்களாமே என்று கேட்டு, அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ள இவளுக்குத் தெம்பில்லை.

அந்தப் பெண்தான் நடந்ததைச் சொன்னாள். விடிவதற்கு முன்னால் கடல் சத்தமே இல்லாமல் பாத்திகளுக்குள் வந்துவிட்டதாம். தம்பிதான் எல்லாரையும் கூரைமேல் ஏற்றியிருக்கிறான். காலையெல்லாம் அவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தானாம். எங்க அக்கா மேலே இருந்து பார்க்கிறவள், தரை எது தண்ணீர் எது என்று அவளுக்குத்தான் தெரியும், நாம் தண்ணீருக்குள் நிற்பது இந்நேரம் அவளுக்குத் தெரிந்திருக்கும், மத்தியானத்துக்குள் படகு வராவிட்டால் என்னை என்னவென்று கேளுங்கள் என்றானாம். மத்தியானம் படகும் வந்தது. இரண்டு படகுகள் கால்வாய் ஓரமாக வடக்கே போனதை ஐந்து பேரும் பார்த்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். அவை திரும்பவில்லை. தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது. ஒரு பக்கச் சுவர் விரிசல் விட்டது. அவர்களில் வயதானவருக்குக் காலில் அடி. வரப்பு காலுக்குக் கீழே இருக்கத்தான் செய்கிறது, தடவிப் பார்த்துக்கொண்டே போய்ச் சாலையை எட்டிவிட்டால் ஒரு படகையாவது நிறுத்திவிடலாம் என்று சொல்லி, ஒரு மணி சுமாருக்கு இறங்கியிருக்கிறான். பாதி தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோனதைப் பார்த்தார்களாம். நடுவில் வரப்பு உடைந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"போகும்போதுகூட, அக்காவுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு யோசிச்சுக்கிட்டேதான் போனாரு" என்றாள் அந்தப் பெண். இவள் மனம் நோக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

*

எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் பிரிவுத் தலைவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு அறிக்கை இருந்தது. கடலையும் தரையையும் பிரிக்கும் புரோகிராம் உப்பளப் பகுதியில் பிழையாகப் பிரித்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டால் போதும். அவள் படித்துப் பார்த்துவிட்டு, புரோகிராம் சரியாகத்தான் பிரித்தது என்றாள். எனக்குத் தெரியாதா என்றார் அவர். இத்தனையை இழந்துவிட்டாய், இதையும் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறாய், புரோகிராமுக்கு என்ன வலிக்கவா போகிறது என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் அந்த வரியை அடித்துவிட்டு மேலே தன் கையால் எழுதினாள். ஒட்டு போட்ட தேதியை எழுதினாள். விதி தெரிந்தே போட்டது என்றும் எழுதினாள். அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போடும்போது கொஞ்சம் தடுமாறினார்.

அலுவலகத்தில் சொல்லியாயிற்று. அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த மெஷினை நம்பி நீயும் மோசம் போய்விட்டாய் என்றுதான் அம்மா இத்தனை நாளும் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம், இவளைச் சொல்லிக் குற்றமில்லை, மெஷின் ஏமாற்றிவிட்டது என்று பரிந்து பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இவளுக்கும் ஒன்றிரண்டு நாள் தோன்றியது உண்மை. மடியில் தலை வைத்துப் படுக்க இன்னும் ஒரு இடம் மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிட யாருக்குத்தான் மனம் வரும்?

மறுநாள் காலை, அம்மா கூடத்தில் அவனுடைய சட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, இவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னாள். மெஷின் ஏமாற்றவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா சொன்னதற்காகத்தான் ஒட்டு போட்டேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அதைச் சொல்வதற்கு அவள் என்ன ராட்சசியா?

அம்மா கையிலிருந்த சட்டைக்குப் பித்தான் போட்டு முடித்தாள். கழுத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நீ போன் பண்ணினப்ப மணி என்ன?"

"பன்னெண்டு. பன்னெண்டு அஞ்சு இருக்கும்."

"அப்ப அவன் இருந்தானா?"

"இருந்தாம்மா. கூரை மேல இருந்தான்."

அம்மா அழவில்லை. இவளைத் திட்டவுமில்லை. இரண்டுக்கும் தயாராகத்தான் இவள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"முந்தின நாள்லேருந்து எனக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படல" என்றாள் அம்மா. "நீ சொன்ன உடனே எழுந்து போயி சாப்பாடு போட்டுக்கிட்டேன். நல்ல பசி. ரெண்டாந்தடவையும் போட்டுக்கிட்டேன். அப்புறம் ஃபேனப் போட்டுக்கிட்டுப் படுத்துத் தூங்கிட்டேன். ஒரு மணிக்கு அவன் தண்ணியில எறங்கறப்ப நான் வயிறு நெறய சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருந்திருக்கேன்."

சட்டையை மடித்து மற்ற சட்டைகளின்மேல் வைத்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பேச்சை அம்மா எடுக்கவேயில்லை. மகளிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். காலையில் அவள் கிளம்பும்போது குடை எடுத்தாயா என்று கேட்கிறாள்.

ஆனால் மத்தியானத்தில் சாப்பிடுவதில்லை. காலையில் சாப்பிடுவாள், இருட்டிய பிறகு கொஞ்சம் சாப்பிடுவாள். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் ஒன்றும் தொடுவதில்லை, படுப்பதுமில்லை. கூடத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். விடுமுறை நாட்களில் மகள் இரண்டு தட்டில் பரிமாறி ஒன்றை அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். இரண்டு தட்டும் அப்படியே ஆறிப்போகும். சாப்பிடும்மா என்று சொல்ல அவளுக்கு வாய் வருவதில்லை.